கால் எது, பாதம் எது: தோல் மாற்றுப் பொருள் ஒட்டும் சிகிச்சைக்குக் கோடிங் போடும் முறை

"வலது கால்ல புண்ணு, தோல் வச்சுத் தச்சிருக்காவ." பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் யாராவது இப்படிச் சொன்னால் நமக்கு விஷயம் புரிந்துவிடும். அமெரிக்க நோயாளியின் சார்ட்டை, அதாவது சிகிச்சைப் பதிவை, திறந்துவைத்து இன்சூரன்ஸ் பில்லுக்கு கோட் போட உட்காரும்போது இதே வரியில் நான்கு ஓட்டைகள் தெரியும். கால் என்பது முழங்காலுக்குக் கீழா, பாதமா? புண் என்றால் சர்க்கரைப் புண்ணா, படுக்கைப் புண்ணா, அடிபட்ட காயமா? தோல் நோயாளியின் தொடையில் எடுத்ததா, பெட்டியில் வந்ததா? தைத்தது நிஜமாகத் தையலா, மேலே வைத்துக் கட்டுப் போட்டதையே அப்படிச் சொல்கிறார்களா? ஐந்தாவதாக ஒன்று அந்த வரியிலேயே இல்லை: அளவு. பெருமாள்புரத்திலோ சங்கரன்கோவிலிலோ வீட்டிலிருந்து இரவு ஷிஃப்டில் லாகின் போடும் புதிய கோடர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றில்தான்.

முதலில் தோல். நோயாளியின் உடம்பிலிருந்து டெர்மடோம் என்ற தோல் சீவும் கருவி வைத்து மெல்லிசாகச் சீவி எடுத்து ஒட்டினால் அது ஆட்டோகிராஃப்ட். சிபிடியில், அதாவது அமெரிக்கச் சிகிச்சைக் கோடுப் பட்டியலில், உடல், கை, கால் என்றால் 15100 குடும்பம், முகமோ பாதமோ என்றால் 15120 குடும்பம். முழுத் தடிமனுள்ள தோலுக்கு 15200 தொடங்கி வேறு வரிசை. இங்கே நாம் பார்க்கப்போவது அது இல்லை. ஆய்வகத்தில் வளர்த்த செல் கொண்ட தாள், பதப்படுத்திய மனிதத் தோல், பனிக்குடச் சவ்வு, மாட்டு அல்லது பன்றித் திசுவிலிருந்து செய்த கொலாஜன் தாள் என்று பெட்டியில் வருகிற ஸ்கின் சப்ஸ்டிட்யூட் வகைகளுக்குத்தான் 15271 முதல் 15278 வரை. 2012-இல் வந்த கோடுகள் இவை. ஆபரேஷன் நோட்டில் 'டோனர் சைட்' (தோல் எடுத்த இடம்) என்ற சொல் வந்தால் அங்கேயே நின்று திரும்பப் படியுங்கள். பெட்டிப் பொருளுக்கு டோனர் சைட் கிடையாது.

இரண்டு விலக்குகள் உண்டு. ஜெல், பவுடர், களிம்பு, நுரை, திரவம் என எந்த வடிவில் வந்தாலும், ஊசியில் செலுத்தினாலும், அதற்கு 1527 வரிசை கிடையாது. தாளாக இருந்து, புண்ணின் மேல் பொருத்தப்பட்டால் மட்டுமே கிராஃப்ட். இன்னொன்று, மார்பகச் சீரமைப்பில் திசுவுக்கு முட்டுக் கொடுக்க அல்லோடெர்ம் போன்ற பொருளை உள்ளே வைத்தால் அது 15777. பெட்டியின் மேல் அதே பெயர் இருக்கிறது என்பதற்காக 15271 போட்டால் ஆடிட்டில் நிற்காது.

அடுத்தது கால். தமிழில் தொடை தொடங்கிக் கட்டைவிரல் வரை எல்லாமே கால்தான். தோள் தொடங்கி விரல் நுனி வரை எல்லாமே கை. சிபிடி அப்படிப் பார்ப்பதில்லை. உடல், புஜம், முழங்கை, தொடை, கெண்டைக்கால் எல்லாம் ஒரு தொகுதி: 15271 முதல் 15274 வரை. முகம், தலை, இமை, வாய், கழுத்து, காது, கண்குழி, பிறப்புறுப்பு, உள்ளங்கை-புறங்கை, பாதம், பல விரல்கள் எல்லாம் இன்னொரு தொகுதி: 15275 முதல் 15278 வரை. சார்ட்டை ஆங்கிலத்தில் படித்து, மனதுக்குள் 'கால்' என்று மொழிபெயர்த்து, 15271-ஐத் தட்டிவிடுவது நம் ஊர்க் கோடர்களுக்கே உரிய தவறு. படிக்கும்போதே காலை 'கணைக்கால்' என்றும் பாதத்தைப் 'பாதம்' என்றும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் கை தவறாது. டாக்டர் 'லோயர் எக்ஸ்ட்ரிமிட்டி' என்று மொட்டையாக எழுதியிருந்தால் ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும்.

இனி அளவு. இந்த வேலையில் நேரமும் கவனமும் அதிகம் கேட்பது இதுதான்.

பத்தமடைப் பாய் வாங்கிவந்து ஒரு திண்ணையில் விரிக்கிறீர்கள் என்று வையுங்கள். திண்ணையின் பரப்பு ஒன்று, பாயின் பரப்பு இன்னொன்று. விரித்த கூலி திண்ணையின் பரப்புக்கு, பாயின் விலை பாயின் பரப்புக்கு. 1527 கோடு விரித்த கூலி, ஆகவே அது புண்ணின் பரப்பைப் பார்க்கும். க்யூ எழுத்தில் தொடங்கும் ஹிக்பிக்ஸ் கோடு (பொருட்களுக்கான கோடு) பாயின் விலை, ஆகவே அது பொருளின் பரப்பைப் பார்க்கும். 44 சதுர செ.மீ. பொருள் திறக்கப்பட்டது என்பதற்காகப் புண்ணும் 44 ஆகிவிடாது. இந்த இரண்டு எண்ணையும் மாற்றிப் போடுவதால் வரும் டினையல், அதாவது க்ளைம் நிராகரிப்பு, ஏராளம்.

புண்ணின் பரப்பு என்றால் நீளம் பெருக்கல் அகலம், சென்டிமீட்டரில். ஆழம் பரப்புக்குள் வராது. அதன் வேலை டயக்னோசிஸ் கோடில், அதாவது நோயைச் சொல்லும் கோடில். டெப்ரைட்மென்ட் (செத்த திசுவை அகற்றுவது) நடந்திருந்தால் அதற்குப் பிந்தைய அளவை எடுங்கள், கிராஃப்ட் ஒட்டப்பட்டது அந்தப் பரப்பில்தான். அளவு மில்லிமீட்டரில் இருந்தால் பெருக்குவதற்கு முன்னாலேயே பத்தால் வகுத்துவிடுங்கள். 40 மி.மீ., 30 மி.மீ. என்றால் 12 சதுர செ.மீ.; பெருக்கிய பிறகு பத்தால் வகுத்து 120 என்று எழுதினால் கோடே மாறிவிடும். அங்குலத்தில் இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் 2.54-ஆல் பெருக்கிவிட்டு அப்புறம் பரப்புக் கணக்குக்குப் போங்கள்.

100 சதுர செ.மீ.க்குக் கீழே இருந்தால், முதல் 25-க்கு 15271 ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு 25-க்கும் அல்லது அதன் பகுதிக்கும் 15272 ஒரு யூனிட். மொத்தம் 100-ஐத் தொட்டால் கதை மாறும்: முதல் 100-க்கு 15273, மேலே ஒவ்வொரு 100-க்கும் அல்லது அதன் பகுதிக்கும் 15274. சரியாக 100 என்றால்? 15273-இன் விளக்கமே '100 அல்லது அதற்கு மேல்' என்பதால் அங்கேதான் போக வேண்டும். ஆகவே 15272-இல் மூன்று யூனிட்டுக்கு மேல் வந்தால் எங்கோ தவறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். தொடையில் 130 சதுர செ.மீ. புண்ணுக்கு 15273 ஒன்று, 15274 ஒன்று. அதை 15271 ஒன்று, 15272 ஐந்து என்று போட்டு வருகிற கோப்புகள் உண்டு. பாதத் தொகுதியிலும் இதே கணக்குதான், எண்கள் மட்டும் 15275, 15276, 15277, 15278. பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெரிய பரப்பில் 100 சதுர செ.மீ.க்குப் பதிலாக உடற்பரப்பில் 1 சதவீதம் என்பதே அலகு.

ஒரே தொகுதிக்குள் பல புண்கள் இருந்தால் கூட்ட வேண்டும். பயிற்சியில் கட்டாயம் வரும் கேள்வி இது:

"எக்கா, ரெண்டு காலுக்கும் ரெண்டு 15271 போட்டா என்ன?"

"அப்படிப் போடாதளா. ரெண்டையும் கூட்டு, அப்புறமாப் பிரி."

இடது கணைக்காலில் 6 × 5, அதாவது 30. வலது கணைக்காலில் 8 × 3, அதாவது 24. கூட்டினால் 54. முதல் 25 போக மீதி 29, அதற்கு இரண்டு யூனிட். ஆகவே 15271 ஒன்று, 15272 இரண்டு. தனித்தனியாகப் போட்டிருந்தால் 15271 இரண்டு தடவை வந்து, இரண்டாவது திரும்பி வந்திருக்கும். கணைக்காலும் பாதமும் ஒரே நாளில் என்றால் தொகுதி வேறு, கூட்டக் கூடாது. 15271 தனி, 15275 தனி. பில் சரிபார்க்கும் எடிட் விதி தடுத்தால், நோட்டில் இரண்டு இடமும் தெளிவாக இருக்கும்போது மட்டும் 59 அல்லது எக்ஸ்எஸ் மாடிஃபையர் (கோடின் பின்னால் சேர்க்கும் குறி).

இனி பெட்டி. பெரும்பாலான பொருட்களுக்குத் தனி க்யூ கோடு, வழக்கமாக ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு யூனிட். அப்ளிகிராஃப் க்யூ4101, ஓயாசிஸ் க்யூ4102, டெர்மாகிராஃப்ட் க்யூ4106, தெராஸ்கின் க்யூ4121, எபிஃபிக்ஸ் க்யூ4186. பெயரைப் பாதி படித்துவிட்டுப் போடுவது ஆபத்து. கிராஃபிக்ஸ் கோர் க்யூ4132, கிராஃபிக்ஸ் பிரைம் க்யூ4133, பிரைமாட்ரிக்ஸ் முற்றிலும் வேறு, க்யூ4110. இன்டெக்ராவிலேயே இரண்டு தாளுக்கு க்யூ4104, க்யூ4105 என்று இரண்டு. நோட்டில் பிராண்ட் பெயர் குழப்பமாக இருந்தால் இம்பிளான்ட் லாகில் (உடலில் வைத்த பொருட்களின் பதிவேட்டில்) ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் தேடுங்கள். பெயர், அளவு, லாட் நம்பர், காலாவதித் தேதி எல்லாம் அதில் இருக்கும். அந்த ஸ்டிக்கர் ஸ்கேன் ஆகாமல் விட்டுப்போன சார்ட்டில் டாக்டரின் நோட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் க்ளைம் பலவீனம்தான்.

ஒரு கோப்பை முழுதாகப் பார்ப்போம். டாக்டரின் நோட்டைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'வலது காலில் புண். சுத்தம் செய்து அப்ளிகிராஃப் வைத்து டிரெஸ்ஸிங் போடப்பட்டது. நோயாளி நலம்.' இதை வைத்து ஒரு கோடும் போட முடியாது. இடம், அளவு, ஆழம், காரணம், பொருத்திய விதம், பயன்படுத்திய அளவு, மிச்சம் எதுவும் இல்லை.

அதே சிகிச்சை ஒழுங்காக எழுதப்பட்டால் இப்படி வரும்: 'வலது குதிகாலில் டைப் 2 சர்க்கரை நோயால் வந்த புண், கொழுப்பு அடுக்கு தெரிகிறது, எலும்பு தெரியவில்லை. டெப்ரைட்மென்டுக்குப் பின் அளவு 4.5 × 4 செ.மீ. தொற்று அறிகுறி இல்லை. 44 சதுர செ.மீ. அப்ளிகிராஃப் ஒன்று திறந்து, புண்ணின் அளவுக்கு வெட்டி, ஸ்டெரி-ஸ்ட்ரிப் கொண்டு விளிம்பில் பொருத்தப்பட்டது. பயன்படுத்தியது 18, வீணானது 26 சதுர செ.மீ.; இதைவிடச் சிறிய அளவில் இந்தப் பொருள் கிடைக்காததால் மிச்சம் அகற்றப்பட்டது. லாட் நம்பரும் காலாவதித் தேதியும் ஸ்டிக்கரில்.'

இப்போது கோடு தானாக வரும். குதிகால் பாதத் தொகுதி, பரப்பு 18, ஆகவே 15275 ஒன்று. டயக்னோசிஸில் முதலில் இ11.621, அதாவது டைப் 2 சர்க்கரையும் பாதப் புண்ணும். அதன் பின்னால் எல்97.412, வலது குதிகால்-நடுப்பாதப் புண், கொழுப்பு அடுக்கு தெரிகிறது. வரிசை மாறக் கூடாது. இன்சுலின் தொடர்ந்து போடுபவர் என்றால் இசட்79.4-உம் சேரும். பொருளுக்கு க்யூ4101, பயன்படுத்திய 18 யூனிட் ஜேசி மாடிஃபையரோடு ஒரு வரி. ஜேசி என்றால் கிராஃப்டாகப் பயன்பட்டது, ஜேடி என்றால் கிராஃப்டாக இல்லை. வீணான 26 யூனிட் ஜேடபிள்யூவோடு இன்னொரு வரி. ஒன்றும் வீணாகவில்லை என்றால் ஜேஇசட், அது 2023 ஜூலை 1 முதல் கட்டாயமானது. இந்த வீணளவு வரிகள் 2025 இறுதி வரையிலான சிகிச்சைத் தேதிகளுக்கு. 2026 முதல் அமெரிக்க அரசின் முதியோர் இன்சூரன்ஸான மெடிகேர் பணம் கொடுக்கும் முறையே மாறிவிட்டதால், புதிய தேதிகளுக்கு அந்தந்த மேக்கின் (மெடிகேர் க்ளைம்களைப் பார்க்கும் ஒப்பந்த நிறுவனத்தின்) குறிப்பைப் பார்த்தே போடுங்கள். மாடிஃபையர் போனாலும் வீணளவை நோட்டில் எழுதுவதை மட்டும் எந்த டாக்டரும் நிறுத்த வேண்டாம்.

அப்ளிகிராஃப் 44 சதுர செ.மீ. வட்டம் என்பது மனப்பாடமாக இருந்தால் கூட்டுத்தொகை 44 வருகிறதா என்று ஒரு நொடியில் பார்த்துவிடலாம். டெர்மாகிராஃப்ட் 5 × 7.5, அதாவது 37.5, அதை 38 யூனிட் என்று மேலே ஏற்றிப் போடுவார்கள். பயன்பட்டதும் வீணானதும் சேர்ந்து திறந்த பெட்டியின் அளவுக்குச் சமமாக வரவில்லை என்றால் நோட்டில் எங்கோ ஓர் எண் தவறு.

புண்ணுக்கு வருவோம். குதிகாலில் புண் என்றதும் எல்97 என்று ஓடக் கூடாது. அழுத்தத்தால் வந்த படுக்கைப் புண் என்றால் எல்89.6 வரிசை, அதில் ஆழம் அடுக்காக இல்லாமல் ஸ்டேஜாக வரும். முள் குத்திய புதுக் காயம் என்றால் எஸ் எழுத்தில் தொடங்கும் காயக் கோடு. சிரை நோயால் வந்த கணைக்கால் புண் என்றால் ஐ83 அல்லது ஐ87 வரிசையோடு எல்97. கருவேல முள் குத்தி, சர்க்கரையால் ஆறாமல் மாதக்கணக்கில் இழுத்த பாதம் நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு உண்டு. அமெரிக்கச் சார்ட்டிலும் முள்ளுக்குப் பதில் ஆணியாக அதே கதை வரும். அது இன்னும் காயமா, நாள்பட்ட புண்ணா என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், கோடர் இல்லை. எல்97-இன் கடைசி எண்ணும் டாக்டர் எழுதிய ஆழத்தைத்தான் பின்தொடரும்: 1 தோல் மட்டும், 2 கொழுப்பு, 3 தசை அழுகல், 4 எலும்பு அழுகல், 5 தசை தொட்டும் அழுகாதது, 6 எலும்பு தொட்டும் அழுகாதது. 9 என்று முடிந்தால் யாரும் ஆழம் பார்க்கவில்லை என்று பொருள். அந்த 9-ஐப் பார்த்ததும் க்ளைமைப் பரிசீலிக்கும் ரிவியூவருக்குக் கண் விரியும்.

தைத்தது பற்றி: கிராஃப்ட் என்று பில் போட, அது ஏதாவது ஒரு விதத்தில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தையல், ஸ்டேப்பிள், ஒட்டுப் பட்டை, எது என்பது டாக்டரின் விருப்பம், ஆனால் எழுதியிருக்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு மேலே வைத்துக் கட்டுவதற்கும் பொருத்துவதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லாமலே தெரியும்.

சுத்தம் செய்ததற்குத் தனிக் கோடு போடும் ஆசை எல்லோருக்கும் வரும். பழைய கிராஃப்டை எடுப்பதும் சாதாரணமாகக் கழுவுவதும் 1527-க்குள்ளேயே அடங்கும். 15002 முதல் 15005 வரை உள்ள அறுவைத் தயாரிப்புக் கோடுகளுக்கு, வடு அல்லது செத்த திசுவை வெட்டி எடுத்து ரத்தம் கசியும் நல்ல தளம் உருவாக்கிய விவரம் வேண்டும். 'டெப்ரைட் செய்யப்பட்டது' என்ற ஒற்றைச் சொல் போதாது. 97597-ஐயோ 11042-ஐயோ அதே புண்ணுக்கு அதே நாளில் சேர்த்து, 59 ஒட்டி அனுப்புவதுதான் ஆடிட்டில் மாட்டும் பழைய வழி. 1527 வரிசைக்குக் குளோபல் நாள் (அதே கட்டணத்தில் அடங்கும் பின்கவனிப்பு நாட்கள்) சுழியம், ஆகவே அடுத்த வாரம் மறுபடி ஒட்டினால் அது புதிய சேவை. 15100-க்கு 90 நாள். இரண்டையும் குழப்பாதீர்கள். உள்நோயாளி ஃபெசிலிட்டி பில் என்றால் இந்த சிபிடி எண்களே வராது, அங்கே போடும் ஐசிடி-10-பிசிஎஸ் கோடுகள் தனி உலகம்.

கோடு சரியாக இருந்தும் திரும்பி வருகிற க்ளைம்களில் பல மருத்துவத் தேவை நிரூபிக்கப்படாதவை. பேயர், அதாவது பணம் கொடுக்கும் இன்சூரன்ஸ், பொதுவாகக் கேட்பது, வழக்கமான சிகிச்சையை நான்கு வாரமாவது செய்து பார்த்தும் புண் பாதி அளவுக்குக்கூடச் சுருங்கவில்லை என்ற சான்று. அதற்கு வாரம் வாரம் அளவு வேண்டும்: முதல் வாரம் 20, நான்காம் வாரம் 17 என்பது போல. பாதப் புண் என்றால் பாரம் இறக்க என்ன கொடுத்தார்கள், சிரைப் புண் என்றால் கட்டழுத்தம் போட்டார்களா, கால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஏபிஐ எவ்வளவு, சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் ஹெச்பிஏ1சி எவ்வளவு, புகை பிடிப்பாரா, தொற்று அடங்கியதா, இவை எல்லாம் கிராஃப்ட் நாளுக்கு முந்தைய நோட்டுகளில் இருக்க வேண்டும். கிராஃப்ட் நாளன்று ஒரே பத்தியில் 'கன்சர்வேட்டிவ் சிகிச்சை தோல்வி' என்று எழுதியது ரிவியூவரிடம் செல்லாது. நான்கு நோட்டிலும் அதே அளவு, அதே வாக்கியம், நகல் எடுத்து ஒட்டியது போல் இருந்தால் அது இல்லாததைவிட மோசம்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால் பணம். இந்தப் பொருட்களுக்கு மெடிகேர் பார்ட் பி (வெளிநோயாளி, டாக்டர் சேவைப் பிரிவு) செலவு 2019-இல் 25 கோடி டாலர் அளவில் இருந்தது. 2024-இல் 1,000 கோடி டாலரைத் தாண்டியது. அதனால் 2026 ஜனவரி 1 முதல் மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் பெரும்பாலான பொருட்களுக்குச் சதுர செ.மீ.க்கு ஒரே விலை, சுமார் 127 டாலர், என்று மாற்றிவிட்டது. உயிரியல் மருந்தாக உரிமம் பெற்ற பொருட்கள் மட்டும் பழைய முறையில் தொடர்கின்றன. அதே நாளிலிருந்து நியூ ஜெர்சி, ஒஹாயோ, ஓக்லஹோமா, டெக்சாஸ், அரிசோனா, வாஷிங்டன் ஆகிய ஆறு மாநிலங்களில் வைசர் என்ற மெடிகேர் சோதனைத் திட்டத்தின் கீழ் முன் அனுமதிப் பரிசீலனையும் வந்திருக்கிறது. உங்கள் க்ளையன்ட் இந்த மாநிலங்களில் இருந்தால் கோடிங்குக்கு முன்னாலேயே அனுமதி எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

டாக்டரிடம் விளக்கம் கேட்கும் குவெரி எழுதும்போது விடையைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். 'புண் 25 சதுர செ.மீ.க்கு மேல் இருந்ததா?' என்று கேட்டால் அது வழிநடத்தும் கேள்வி. இப்படிக் கேளுங்கள்: 'இந்தத் தேதியின் நோட்டில் புண்ணின் இடம் லோயர் எக்ஸ்ட்ரிமிட்டி என்று உள்ளது. சரியான உடற்பகுதியையும், டெப்ரைட்மென்டுக்குப் பிந்தைய நீள அகலத்தையும், கிராஃப்ட் பொருத்தப்பட்ட விதத்தையும் தெரிவிக்கவும்.' பணத்தைப் பற்றி ஒரு சொல் வரக் கூடாது. பதில் அடெண்டமாக (பின்சேர்ப்புக் குறிப்பாக), எழுதிய அன்றைய தேதியோடும் கையொப்பத்தோடும் வர வேண்டும். பழைய நோட்டைத் திருத்தி அனுப்பினால் ஏற்காதீர்கள். பதில் வரும்வரை சார்ட் ஹோல்டில் இருக்கட்டும். டார்கெட் குறைகிறது என்பதற்காக, அளவே எழுதாத புண்ணுக்கு 'எப்படியும் 25-க்குள்தான் இருக்கும்' என்று 15275-ஐப் போட்டு அனுப்பாதீர்கள். புண்ணைப் பார்த்தவர் டாக்டர், நாம் இல்லை.